மூன்று ஓலை முடியும் வரை

என் தம்பிக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்பதை ஏழு வாரம் அவனிடமிருந்தே மறைத்தேன். அவனிடம் வெறும் புண் என்றேன்.

அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். சோறு இறங்கவில்லை என்று சொன்னதும் நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். குடும்பத்தில் யாருக்கு எந்தப் பரிசோதனை எடுத்தாலும் காகிதம் என் கைக்கு வந்துவிடும். சதைத் துணுக்கின் அறிக்கை வந்த அன்று அவனுக்கு வேலை. நான் தனியாகப் போனேன்.

செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் புரதங்கள் உண்டு. அவற்றுக்கான ஜீன்கள் இரண்டு அவன் கட்டியில் பழுதாகியிருந்தன. பிடி விட்ட செல்கள் இடம்விட்டு நகரக்கூடும், நாள் கடத்தாதீர்கள் என்றார் மருத்துவர். "ரத்தத்தையும் பாத்தாச்சு சார். அதுல இந்தப் பழுது இல்ல. கட்டியில மட்டும்தான். பிள்ளைகளுக்குப் போகாது."

அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். பிறவியில் வரும் மாற்றம் வேறு, உடம்பில் பின்னால் நேரும் மாற்றம் வேறு என்று கரும்பலகையில் படம் வரைந்து எத்தனையோ வகுப்புகளுக்கு விளக்கியவன் நான்.

அந்த ஞாயிறுதான் என் மகளுக்குக் கோயிலில் முதல் ஓலை. கத்தோலிக்கரான எங்களில் மணமக்களின் பெயரை மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும். நோய் ஒரு தடையல்ல. ஆனால் அந்த மூன்று வாரமும் ஊரே இரண்டு வீட்டையும் துருவிப் பார்க்கும். ஜீன் என்ற சொல் மாப்பிள்ளை வீட்டுக் காதில் விழுந்தால் என் விளக்கத்தை யார் கேட்பார்கள் என்று பயந்தேன். அறிக்கையைப் பீரோவில் பூட்டிவிட்டு, தம்பிக்கு வயிற்றுப் புண் மருந்து வாங்கிக் கொடுத்தேன்.

கல்யாணப் பந்தியில் அவன் ரசத்தை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தான். "ஏ அண்ணே, ஊரான் புள்ளைக்கெல்லாம் செல்லு செல்லுன்னு பாடம் எடுத்திய, ஒரு தொண்டைப் புண்ணை ஆத்த முடியலியே!" பந்தி சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுவீட்டு விருந்தும் முடிந்த பிறகுதான் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அதற்குள் ஈரலுக்குப் பரவியிருந்தது. மருத்துவர் பழைய அறிக்கையின் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தம்பி இரண்டையும் பார்த்தான்.

"மூணு ஓலையும் முடியட்டும்னு இருந்தியளாக்கும்?" என்றான், வெளியே வந்து.

ஆமாம் என்றேன். அதன்பின் அவன் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. மகனைத்தான் அழைத்துக்கொண்டான். ஐந்து மாதம்தான் உயிரோடிருந்தான்.

நான் ஒளித்தது ஊருக்குத் தெரிந்தது. அது குடும்ப நோய் என்ற பேச்சும் கூடவே கிளம்பியது. மறுவருடம் தம்பி மகனுக்குப் பேசிய சம்பந்தத்தில் பெண் வீட்டார் தயங்கினார்கள். இதையாவது சரிசெய்யலாம் என்று அறிக்கையை எடுத்துக்கொண்டு திரேஸ்புரத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரு மணி நேரம் விளக்கினேன். வெள்ளைத் தாளில் படம் கூட வரைந்தேன். பெண்ணின் அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி சார். புள்ளைகளுக்கு வராதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியும்லா. பெறகு எதுக்கு ஒளிச்சிய?"

ஊர் வாய்க்குப் பயந்தேன் என்றேன். நானே பயந்த பேச்சுக்கு அவர் மட்டும் எப்படிப் பயப்படாமல் இருப்பார்? மறுநாள் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள்.

தம்பி மகன் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"பெரியப்பா, அவுக யோசிச்சிக்கிட்டுத்தான் இருந்தாவ. நீங்க போயி முடிச்சு வச்சிட்டிய. இனிமே எங்களுக்காக யாருகிட்டயும் பேசாதிய."

அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நானும் அதன்பின் யாரிடமும் பேசவில்லை.