மாமா சுட்டிக்காட்டிய பிள்ளையார் சுழி

என் கை ராசியான கை என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அப்பாவின் வெண்கலப் பாத்திரக் கடையில் புதுச் சரக்கு வந்து இறங்கினால் முதல் குடத்தை என்னைத்தான் தொடச் சொல்வார்கள். அப்படிப்பட்ட கையை, எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது, நாலு பெரிய மனிதர்கள் முன்னால் வேண்டாம் என்று தள்ளியவர் என் மாமா. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். மற்றதெல்லாம் அப்புறம்தான் வரும்.

முதல் ஜெர்மன் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷம் முந்திய காலம். தாமிரபரணியில் எங்கள் தெருக்காரர்கள் குளிக்கிற படித்துறை ஒரு வெள்ளத்தில் இடிந்து, கல் பெயர்ந்து கிடந்தது. அதில் வழுக்கி விழுந்துதான் அம்மாவுக்கு வலது கை முறிந்தது. கட்டுப் போட்டும் கை நேராகச் சேரவில்லை. அப்பா நகரசபைக்கு மூன்று மனு எழுதிப் போட்டார். பதிலே இல்லை. "மனு கொடுத்தது போதும். நானே உள்ள போய் உக்காந்து கேக்கேன்" என்று எங்கள் வார்டுத் தேர்தலில் நின்றுவிட்டார். எதிர்த்து நின்றவர் மேலத்தெரு வக்கீல். வரி கட்டுகிற ஆண்களுக்கு மட்டும்தான் அப்போது ஓட்டு. அதனால் ஓட்டுப் போடுகிற அத்தனை பேரையும் இரண்டு பந்தியில் உட்கார வைத்துச் சோறு போட்டுவிடலாம்.

ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு ஏஜென்ட் உண்டு. ஓட்டுச்சாவடியில் உட்கார்ந்து எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேண்டியது அவர் வேலை. அப்பா வேறு யாரையும் தேடவில்லை. மாமா பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், கல்யாணமாகாதவர், இருந்தது எங்கள் வீட்டில். வீட்டு மனிதர் காவல் இருந்தால் போதாதா?

அப்பா செய்த தப்பு, ஏஜென்டுகளுக்கான விதிகள் அச்சடித்த காகிதத்தை மாமா கையில் கொடுத்ததுதான். மாமா அதை மூன்று நாள் படித்தார். ஏஜென்ட் ஓட்டுப் போட வருகிறவரோடு பேசக் கூடாது. சீட்டைத் தொடக் கூடாது. ஆட்சேபம் இருந்தால் அதிகாரியிடம் மட்டும் சொல்லலாம். வேட்பாளர் செலவில் சாவடிக்குள் யாருக்கும் சாப்பாடு கொடுக்கக் கூடாது. இவற்றையெல்லாம் குளிக்கும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஆற்றங்கரைச் சத்திரம்தான் ஓட்டுச்சாவடி. அப்பா நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு போய் முதல் ஓட்டைத் தமக்கே போட்டுவிட்டு வந்தார். மத்தியானம் வேலைக்காரம்மாவோடு நான் மாமாவுக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோனேன். அந்த நேரம் பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் சீட்டை வாங்கிக்கொண்டு மாமா பக்கம் திரும்பினார்.

"ஏன் வே, உங்க அத்தானுக்கு எங்கன போடணும்?"

மாமா உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"உம்மகிட்டதான் வே கேக்கேன்!"

மாமா உத்தரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அண்ணாச்சி, "பெரிய கலெக்டரு!" என்று முறைத்துவிட்டுப் போனார். அந்த ஓட்டு யாருக்கு விழுந்ததோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். தூக்குவாளியைக் கண்டதும் மாமா வாசலுக்கு வந்து, "ஏட்டி, இது வேட்பாளர் வீட்டுச் சோறு. எடுத்துட்டுப் போ" என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "காலையில குடிச்ச நீச்சத்தண்ணி எந்த வீட்டுதாம்?" என்றாள். மாமா அன்று பொழுதெல்லாம் பட்டினி.

சாயங்காலம் ஓட்டு எண்ணினார்கள். ஒரே ஒரு ஓட்டில் அப்பா ஜெயித்தார்! தெருவே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. அம்மா கோணல் கையோடு பாயசம் கிண்டினாள். பாபநாசத்துக்குப் போய்க் குளித்துச் சாமி கும்பிடுவதாக வேண்டிக்கொண்டாள். மறுநாளே வக்கீல் மறுபடியும் எண்ண வேண்டும் என்று எழுதிக் கொடுக்க, அதற்கு அடுத்த நாள் காலையில் என்று ஏற்பாடாயிற்று. அப்பா, ராசியான கையாயிற்றே என்று, என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அதிகாரியாக இருந்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தாசில்தார். அவர் மேஜைமேல் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். இரண்டு பக்கத்து ஏஜென்டுகளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். பாதி எண்ணியிருப்பார்கள்.

"எனக்கு ஒரு ஆட்சேபம்" என்றார் மாமா.

எதிர்க்கட்சி ஏஜென்ட் திடுக்கிட்டுப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கவே இல்லை. ஆட்சேபம் எங்கள் ஆளுடையது.

"அந்தச் சீட்டுல பெருக்கல் குறிக்கு மேல வேற ஒரு குறி இருக்கு. போட்டவரை அடையாளம் காட்டுத மாதிரி எந்தக் குறி இருந்தாலும் அந்த ஓட்டு செல்லாது. விதியில இருக்கு."

தாசில்தார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "பிள்ளையார் சுழில்லா இது!" என்றார். முந்தாநாள் அந்தி மங்கலில் அதை அவரும் பார்த்திருப்பார். சுழி போடாமல் ஒரு எழுத்தும் எழுதாதவர் என்பதால் அது அவருக்குத் தப்பாகவே பட்டிருக்காது. "சாமி பேரு. இதைப் போய் எப்படி வே தள்ளுதது?" என்றார்.

"சாமிக்கு விதிவிலக்கு போடலியே ஐயா" என்றார் மாமா.

வேட்பாளர்கள் இருவரும் பார்க்கட்டும் என்று தாசில்தார் சீட்டைத் தூக்கிப் பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். வாலை நீளமாக இழுத்து, அடியில் இரண்டு கோடு போட்டு, கோடுகளுக்கு நடுவில் ஒரு புள்ளி. புள்ளி வைத்த சுழி! என் சிலேட்டில் தினமும் பார்க்கிற சுழி. கடையில் ஒவ்வொரு குடத்தின் அடியிலும் சுண்ணாம்பால் போட்டிருக்கிற சுழி.

"அப்பா, இது..." என்று ஆரம்பித்தேன்.

"ஏட்டி!" என்று மாமா அதட்டினார். "இங்கன யாரும் பேசப்படாது."

அவர் அதற்கு முன்னால் என்னை அதட்டியதே கிடையாது. என் வாய் தானாக மூடிக்கொண்டது. அப்பா தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சீட்டு கழிந்தது. இரண்டு பேருக்கும் சரிசமம். திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்ப்பது என்று ஆயிற்று. தாசில்தார் என்னைக் காட்டி, "இந்தா, குழந்தையே இருக்கு. அது எடுக்கட்டும்" என்றார். வக்கீல், "எனக்கு ஆட்சேபம் இல்லை" என்றார். நல்ல மனிதர். நான் தாவணி இல்லாத குறையாகப் பாவாடையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். இந்தக் கை தொட்டால் அப்பா பேர்தான் வரும். எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

"எனக்கு ஆட்சேபம் உண்டு" என்றார் மாமா. "அது வேட்பாளர் பிள்ளை."

சத்திரத்து வாசலில் பூக்கட்டுகிறவளுடைய மகளைக் கூப்பிட்டார்கள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை வக்கீல் பேரை எடுத்தது.

வீட்டில் அம்மா ஆடிய ஆட்டத்தைச் சொல்லி முடியாது. "எவனோ ஒரு புண்ணியவான், பிள்ளையாரைக் கும்பிட்டுட்டு உங்க அத்தானுக்கு ஓட்டுப் போட்டிருக்கான். அதைப் போய்ச் செல்லாதுன்னு சொன்னியேலே! எதிராளியே சும்மா நிக்கான், உனக்கு என்னலே வந்தது? நான் பெத்த பிள்ளை கையையும் தள்ளிவிட்டுட்டியே, நீ விளங்குவியா? என் மூஞ்சியிலயே முழிக்காதே!" மாமா அன்று மாலையே டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டையில் ஓர் அறைக்குப் போய்விட்டார். பெட்டியின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு வண்டிவரைக்கும் நானும் போனேன்.

"மாமா, அது அப்பா போடுத சுழிதானே? அதை அம்மாகிட்ட சொன்னா உங்களை ஏசமாட்டாள்லா?"

மாமா பெட்டியைக் கீழே வைத்தார். "யார் ஓட்டுன்னு ஏஜென்டுக்குத் தெரிஞ்சாலும் வெளிய சொல்லப்படாதுட்டி. அதுவும் விதிதான். நீயும் சொல்லாதே."

சரியான கிறுக்கு என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் சொல்லவில்லை.

பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா விளக்கேற்றும்போது, "சுழி போட்ட அந்தப் புண்ணியவான் நல்லாயிருக்கணும்" என்று வாய்விட்டு வேண்டுவாள். அப்பா அவசரமாகக் கடைக்குக் கிளம்பிவிடுவார். தீபாவளி வந்தது, போயிற்று, மாமா வரவில்லை. அப்பா ஒருநாள் வக்கீல் வீட்டுக்கு நேரில் போய்ப் படித்துறையைப் பற்றிச் சொன்னார். "அப்படி ஒரு ஆளை ஏஜென்டா வச்சிருந்த மனுஷன் சொன்னா நான் கேக்காம இருப்பேனா?" என்று வக்கீல் அதையே முதல் வேலையாக எடுத்துக்கொண்டார். படித்துறைக்குப் புதுக் கல் வந்து இறங்கியது. அதற்கும் அம்மா கோபம் தணியவில்லை.

தை பிறந்தது. கூடப்பிறந்தவன் பொங்கல்படி என்கிற சீர் கொண்டுவராமல் எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்கும் பொங்கல் இல்லை. மாமா வண்டியில் கரும்புக்கட்டு, மஞ்சள்குலை, பச்சரிசி, புதுப்பானை எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். படியை அக்காள் வெளியே வந்து கையால் வாங்கவேண்டும். அம்மா அடுக்களையைவிட்டு அசையவில்லை. தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா பானையை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே நின்றார். நாலு மாதத்தில் மெலிந்துபோயிருந்தார். எனக்கே அழுகை வந்தது.

அப்பா கூடத்திலிருந்து எழுந்தார். கோலப்பொடிச் சிரட்டையிலிருந்து ஒரு சுண்ணாம்புக்கட்டியை எடுத்து அடுக்களை வாசலில் குனிந்து தரையில் ஒரு சுழி போட்டார். வாலை இழுத்தார். இரண்டு கோடு. நடுவில் புள்ளி.

"நீ வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேத்தி வேண்டுத புண்ணியவான் இவன்தான்" என்று தம் நெஞ்சைத் தொட்டுச் சொன்னார்.

அம்மா தரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கோணல் கையால் முந்தானையைச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போய்ப் பானையை வாங்கினாள். "சாப்பிட்டியாலே?" என்று மட்டும் கேட்டாள்.

மாமா முகம் வாடிப்போயிற்று. "அத்தான், அதை ஏன் சொன்னீங்க? சொல்லப்படாதே!"

"என் ஓட்டு மாப்ளே. நான் சொல்லலாம்லா? உம்ம விதியில அது தப்பா?"

மாமா கரும்புக்கட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது.

அந்த அச்சடித்த காகிதத்தில் அது எத்தனையாவது விதி என்று மாமா யோசிக்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.