அவர் விசாரிக்க மறுத்த வழக்கு

சுனாமிக்கு மறுவருஷம், விதவையான என் அக்காவைக் கொழுந்தன்மார் வீட்டை விட்டு வெளியேற்றப் பார்த்தார்கள். பாண்டி கோர்ட்டில் வழக்கு எந்த நீதிபதியிடம் வந்திருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் வக்கீலாக இருந்து, தேர்தலில் நின்று தோற்று, பிறகு நீதிபதியானவர். அந்தத் தேர்தலில் தவளக்குப்பம் கடைத்தெருவில் மைக் பிடித்து அவரைத் திருடன் என்று பேசியவன் நான்.

ஒல்லியான மனிதர். எதைக் கேட்பதற்கு முன்பும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கி நுனியால் துடைப்பார். அக்காவுக்காகச் சாட்சி சொல்ல நான் கூண்டில் ஏறியதும் வெகுநேரம் துடைத்தார்.

“நீங்க தவளக்குப்பத்துல மைக் புடிச்சவருதான?”

“ஆமாங்கய்யா.” கீழே நின்ற அக்கா என்னையே பார்த்தாள்.

“இந்த கேஸ நான் விசாரிக்கல. வேற கோர்ட்டுக்கு மாத்தச் சொல்லி எழுதுறேன்.”

“அய்யாவுக்கு எம்மேல இன்னும் கோவமா?”

“இல்லன்னுதான் நெனைக்கிறேன். ஆனா நிச்சயமா சொல்ல முடியல. அப்படி இருக்கும்போது நான் எப்படித் தீர்ப்பு எழுதுறது?”

வேறு நீதிமன்றத்தில் வழக்கு இரண்டு வருஷம் இழுத்தது. தோற்றுப்போனோம். சாமான்களை ஏற்றிக்கொண்டு வரும்போது அக்கா கேட்டாள்: “அவரே விசாரிச்சிருந்தா ஜெயிச்சிருப்பமாடா?”

ஜெயித்திருப்போம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அதை அவளிடம் சொல்லும் தைரியம் இன்றுவரை வரவில்லை.