அம்மா மண்டபப் படியில் கடைசிப் பக்கம்

மதியம் 2.10. முசிறியில் திருச்சி பஸ் ஏறினேன். சத்திரம் பேருந்து நிலையத்துக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் நாற்பது ரூபாய். உரக்கடையை மகனிடம் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை நாவல் பேசப் போகும் ஆளைப் பார்த்து எங்கள் ஊரில் சிரிப்பார்கள். இருபது வருடமாகச் சிரிக்கிறார்கள், நானும் இருபது வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு காலத்தில் பதினொரு பேர். இப்போது மூன்றே பேர்: நான், பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் வசந்தா, தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஸ்டெல்லா டீச்சர். மாதத்தின் முதல் ஞாயிறு திருச்சி காட்டூரில் டீச்சர் வீட்டு முன்னறையில் கூடுவோம். ஆளுக்கு மூன்று துண்டுச் சீட்டில் கேள்வி எழுதி எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுப்போம். யாரும் உரக்கப் படித்துக் காட்டக்கூடாது என்பது டீச்சர் போட்ட சட்டம். காட்டினால் அடுத்த மாதம் ஒருவரும் வீட்டில் படிக்காமல் வந்து உட்காருவார்கள் என்பார். என்னைப் பார்த்துத்தான் சொல்வார்.

போன மாதம் டீச்சர் போன் செய்தார். கண் அழுத்த நோய் முற்றி எழுத்தே தெரியவில்லையாம், இனி வட்டமே வேண்டாமாம். "படிச்சதெல்லாம் மனசுல அப்படியே இருக்குங்க. எனக்கு அது போதும்" என்றார். டீச்சர் இல்லாமல் வட்டம் ஏது? வசந்தாவும் நானும் ஒரு யோசனை செய்தோம். நாங்கள் முதன்முதலில் படித்த நாவலின் கதை நடப்பது ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில். அங்கேயே கூட்டம் போட்டால் டீச்சர் மனம் மாறக்கூடும். கடைசிக் கூட்டம் என்றால் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

3.30. குணசீலம் தாண்டி, கொள்ளிடம் பாலம் ஏறி, திருவானைக்காவலைக் கடந்து பஸ் மாம்பழச்சாலை வந்தது. புத்தியுள்ளவன் அம்மா மண்டபத்துக்கு இங்கேயே இறங்குவான். கண்டக்டரும் அதைத்தான் சொன்னார். ஆனால் நாவலின் நாயகி சத்திரத்தில் டவுன் பஸ் ஏறித்தான் ஸ்ரீரங்கம் போகிறாள். அதனால் நாங்களும் அப்படித்தான் போக வேண்டும் என்று தீர்மானம். இதை விளக்கினால் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார் என்று பேசாமல் காவிரியைத் தாண்டி, திரும்ப அதே காவிரியைத் தாண்டத் தயாரானேன்.

சத்திரத்தில் வசந்தாவின் கையைப் பிடித்தபடி டீச்சர் நின்றிருந்தார். முன்பெல்லாம் எங்களுக்கு முன்னால் விடுவிடுவென்று நடக்கிறவர். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பெண்கள் இருவருக்கும் இலவசம், எனக்கு எட்டு ரூபாய். "நாவல்ல அவ டிக்கெட் எடுத்துட்டுத்தான் போவா. பாவம், இன்னைக்கு உங்க தலையில விழுந்துச்சு" என்று டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

4.50. படித்துறை. தை மாதத் தண்ணீர் நான்காம் படி வரை இருந்தது. எதிர்க்கரையில் மலைக்கோட்டை. மூன்று பேரும் உலர்ந்த படியாகப் பார்த்து உட்கார்ந்து டப்பாவைக் குலுக்கினோம். வந்தது என் சீட்டு: கடைசியில் அவள் என்ன செய்தாள்?

இது இருபது வருடச் சண்டை. கணவனிடம் கோபித்துக்கொண்டு வந்து இந்தப் படியில் உட்காருகிறவள் வீடு திரும்பினாள் என்பார் டீச்சர். திரும்பவில்லை என்பேன் நான். "புத்தகத்தையே சொல்றேன், கேளுங்க" என்று டீச்சர் கடைசி அத்தியாயத்தை மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தார். என் பிரதியில் விரல் வைத்துப் பின்தொடர்ந்தேன். ஒரு சொல் பிசகவில்லை. மலைக்கோட்டையில் விளக்கு எரிகிற வரி வந்தது. புத்தகம் அங்கே முடிகிறது. டீச்சர் முடிக்கவில்லை. அவள் எழுந்து முந்தானையைப் பிழிந்துகொண்டு கடைசி பஸ் ஏறி வீட்டுக் கதவைத் தட்டியதைச் சொல்லிக்கொண்டே போனார். என் விரலுக்குக் கீழே வெறும் தாள்தான் இருந்தது.

வசந்தா, சொல்ல வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். மனசில் இருப்பது போதும் என்கிறவரிடம் அதுவும் சரியில்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் இந்த வட்டத்தில் நாங்கள் பொய் பேசியதில்லை.

"டீச்சர், அவ எந்திரிக்கிறது புத்தகத்துல இல்லைங்க."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "படிங்க பார்ப்போம்."

சட்டத்தை மீறி முதன்முதலாக உரக்கப் படித்தேன், விளக்கு எரிகிற வரி வரை. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் உட்கார்ந்திருந்த படியைத் தடவிப் பார்த்தார்.

"கல்யாணமான புதுசுல ஒரு நாள் கோவிச்சுக்கிட்டு வந்து நானும் இங்க உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் போனது நான்தான் போல" என்றார். பிறகு கையால் துழாவி டப்பாவை மூடினார். "இதுவே இப்படின்னா, மத்த புத்தகமெல்லாம் என்னென்ன லட்சணத்துல வச்சிருக்கேனோ. முதல் அத்தியாயத்துலேர்ந்து படிங்க, முசிறிக்காரரே."

வெளிச்சம் இருந்தவரை படித்தேன். மலைக்கோட்டையில் விளக்கு எரிந்ததும் வசந்தா டீச்சரிடம் சொன்னாள்.

7.20. சத்திரத்தில் முசிறி பஸ் ஏறப் போனவனை டீச்சர் கூப்பிட்டு நிறுத்தினார். "முதல் ஞாயிறு காட்டூருக்கு வந்துடுங்க. ரெண்டாவது அத்தியாயம் நீளம். ழகரத்தைக் கொஞ்சம் பழகிட்டு வாங்க."

ஜன்னலோர இடம் கிடைத்தது. வண்டி காவிரிப் பாலம் ஏறியபோது இரண்டாவது அத்தியாயத்தை எடுத்து வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.