கொட்டை எடுத்த புளி

ஜவ்வாது மலை ஏற்றத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற பஸ் நிற்கிறது. இரண்டு மாத இந்தியப் பயணம் முடிகிறது; நாளை மறுநாள் பினாங்குக்கு விமானம். பெட்டியின் எடை கூடிவிடும் என்று இதுவரை எதையும் வாங்க விடாத என் மனைவி, சாலையோரத்துப் புளியை நாக்கில் வைத்ததும் மாறிப்போகிறாள்.

“அஞ்சு கிலோ வேணும். கனமா இருக்குமே?”

“கொட்டதாங்க கனம். தட்டி எடுத்துட்டா இன்னா இருக்கப்போவுது?” என்று புளி விற்கும் பெண் ஆளுக்கொரு கல் தருகிறாள்.

பிள்ளைகள் இருவரோடு நாங்களும் மண்ணில் உட்கார்ந்து தட்டுகிறோம். கொட்டைகள் தெறிக்கத் தெறிக்கச் சிரிப்பு அடங்கவில்லை. பஸ் இரண்டு முறை ஹார்ன் அடிக்கிறது. மனைவி நிமிரவே இல்லை.

கண்டக்டர் கோபமாக இறங்கி வருகிறார். புளிக்காரி அவருக்கும் ஒரு கல் எடுத்து வைக்கிறாள்.