காதுக்காரருக்குக் கேட்காத சத்தம்

உதிரி பாகக் கடையில் அவருக்குக் 'காதுக்காரர்' என்று பெயர். வீடுகளில் ஹீட் பம்ப் பழுதுபார்ப்பது அவருடைய தொழில். வெளியே சுவரோரம் நிற்கும் பெட்டி, குளிர் நாளிலும் எங்கிருந்தோ கொஞ்சம் சூட்டை இழுத்துக் கொடுக்கும். உள்ளே இருக்கும் ப்ளோயர் என்ற காற்றாடிதான் அதை அறை அறையாகத் தள்ளும். அது படுத்துவிட்டால் வீடே விறைத்துப்போகும். மற்ற மெக்கானிக்குகள் மீட்டரைத் தேடும் நேரத்தில் இவர் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டாரில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். "பேரிங் போச்சு" என்பார். திறந்து பார்த்தால் போயிருக்கும்.

அந்தக் காதில்தான் கோளாறு வந்தது. முதலில் கவனித்தவர் அவர் மனைவி. குக்கர் விசில் அடித்து ஓய்ந்து, அடிப்பிடித்த வாசனையும் வந்துவிட்டது. இவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அடுப்பை அணைக்கக் கூடாதா?"

"விசில் வரட்டும்னு பாத்துட்டிருக்கேன்."

பேப்பரில் மூழ்கியிருப்பார் என்று மனைவி அதை விட்டுவிட்டார்.

ஆனால் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணின் வீட்டில் அப்படி விட்டுவிட முடியவில்லை. ப்ளோயர் கத்துகிறது என்று அவள் கூப்பிட்டிருந்தாள். இவர் போய் ஃபில்டரில் அடைந்திருந்த தூசியைத் தட்டினார், வழக்கம்போல் காது வைத்தார், எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் விடியும்போது மோட்டார் இறுகி நின்றுபோயிருந்தது. இவர் போனபோது குழந்தை, வீட்டில் இருந்த எல்லாப் போர்வைகளுக்குள்ளும் சுருண்டு கிடந்தது. அந்தப் பெண் கோபப்படவில்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டாள்.

"ஏன் அண்ணா, நேத்து நீங்க நிக்கும்போதே அவ்வளவு கிறீச்சுனு கத்திச்சே. உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

புது மோட்டாரை மாட்டிவிட்டு அவர் வேனில் ஏறினார். அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தக் குக்கர் நெசமாவே விசில் அடிச்சுதா?"

"தெருவுக்கே கேட்டுதுங்க."

காது மருத்துவர் விளக்கமாகச் சொன்னார். பல வருஷம் இயந்திரங்களோடு இருந்ததில் கீச்சுச் சத்தங்கள் போய்விட்டன. கனத்த சத்தங்கள் மிச்சம் இருக்கின்றன. போனது திரும்பாது, ஆனால் காதுக்கருவி மாட்டிக்கொள்ளலாம். வெளியே வந்ததும் இவர் மனைவியிடம் பொரிந்து தள்ளினார். "காதுல மிஷினை மாட்டிக்கிட்டு மிஷின் பாக்கப் போனா, எவன் கதவைத் திறப்பான்?"

அந்த நாட்களில் மனைவி வேலையில்லாமல் இருந்தார். வேலை பார்த்த தையல் கூடத்தை மூடிவிட்டதால் பொழுது போகாமல் தலையணை உறைகளாகத் தைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். "சரி, நான் கூட வரேன். என் காது நல்லாத்தானே இருக்கு?" என்றார். இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் மறுநாள் காலையில் வேனின் பக்கத்து இருக்கையில் கிடந்த கம்பிச்சுருளை எடுத்துப் பின்னால் போட்டார்.

டார்ச் பிடிக்க வந்த உதவியாள் மாதிரி நிற்பதும், சத்தத்தை அவர் முகத்துக்கு நேராகத் திரும்பிச் சொல்வதும்தான் மனைவியின் வேலை. தொழில் வார்த்தைகள் தெரியாததால் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். "எண்ணெய் போடாத தையல் மிஷின் மாதிரி இருக்கு." "யாரோ தூக்கத்துல பல்லைக் கடிக்கிறாங்க." இதை வைத்து அவர் பழுதைக் கண்டுபிடித்தார். சாப்பாட்டு மேஜையில் 'உப்பு', 'போதும்' என்பதற்கு மேல் பேச்சு வளராத வீடு அது. இப்போது வேனில் போகும்போது பல்லைக் கடிக்கும் சத்தத்துக்கும் பாக்கை மெல்லும் சத்தத்துக்கும் என்ன வித்தியாசம் என்று விவாதம் நடந்தது.

ஒருநாள், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கூப்பிட்டார். வெளிப்பெட்டி ஓடுகிறது, உள்ளே காற்று வரவில்லை. இவர் பிரேக்கரைப் பார்த்தார், ஃபில்டரைப் பார்த்தார், மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் காற்றாடியைக் கையால் சுற்றிப் பார்த்தார். தடையில்லாமல் சுழன்றது. மறுபடி மின்சாரம் கொடுத்தபோது காற்றாடி அசையவில்லை.

"உம்முனு இருக்கு. கோவிச்சுக்கிட்டவங்க மாதிரி, எழுந்திருக்கவும் மாட்டேங்குது, சும்மாவும் இருக்க மாட்டேங்குது" என்றார் மனைவி.

மோட்டாருக்கு முதல் தள்ளு கொடுக்கும் கெப்பாசிட்டர்தான். கழற்றிப் பார்த்தால் அதன் தலை உப்பியிருந்தது. புதியதை மாட்டியதும் காற்று வந்தது. பையை மூடப் போனபோது மனைவி அவர் கையைப் பிடித்தார்.

"இருங்க. இன்னொரு சத்தம் வருது. டிக், டிக்குனு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்துக்கொண்டார். தபால்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காதுக்காரர் மின்சாரத்தை நிறுத்தி, காற்றாடியை அடியோடு வெளியே எடுத்தார். ஒவ்வொரு இதழாகத் தடவினார், திருகுகளை முடுக்கினார், எல்லாவற்றையும் மறுபடி மாட்டினார். முதுகு வலித்தது. மின்சாரம் கொடுக்கும் முன்பே மனைவி தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்ன?"

"இன்னும் டிக் டிக்குனு வருதுங்க. மிஷின் நின்னுட்டிருக்கு."

மூவரும் திரும்பினார்கள். நடையில், அவர்கள் தலைக்கு மேலே, சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் சிரித்தவர் தபால்காரர்தான். பிறகு மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். காதுக்காரரும் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை அவராகவே சொன்னார்.

"எனக்கு மெல்லிசான சத்தம் கேக்காதுங்க. அதுக்குத்தான் இவங்க வராங்க."

"அட தம்பி, நீங்க உள்ள வந்ததுலேருந்து ரெண்டு காதுலயும் மிஷினோடதானே நிக்கிறேன். அதைக்கூடவா பாக்கல?" என்று தபால்காரர் தலையைத் திருப்பிக் காட்டினார். நரைமுடிக்குள் மெல்லிய குழாய் ஒன்று தெரிந்தது.

அந்த மாதமே இவரும் கருவி மாட்டிக்கொண்டார். முதல் சில நாட்கள் நரகமாக இருந்தன. பிளாஸ்டிக் பை கசங்கினாலே பட்டாசு மாதிரி வெடித்தது. மெல்ல மெல்ல, தேய்ந்த பேரிங்கின் கிறீச் மறுபடி அவரிடமே வந்து சேர்ந்தது. அதைக் கேட்ட நாளில் அவர் முகம் மலர்ந்ததை டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மனைவி பார்த்தார். திரும்பும் வழியில் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தார்.

"ஏன் பேசாம வர?"

"உங்களுக்குத்தான் காது வந்துடுச்சே. இனிமே எனக்கு என்ன வேலை? தலையணை உறைதான்."

வண்டி சிக்னலில் நின்றபோது, "நீ இல்லாம தனியாப் போகப் பிடிக்கலை" என்றார்.

"பேச்சுத் துணைக்கு நான் வரமாட்டேன்" என்றார் மனைவி. "வந்தா எனக்கும் ஒரு பை வேணும். எல்லாத்தையும் நானே கழட்டி மாட்டணும்."

மீட்டர் பிடிக்கவும் கம்பி இணைக்கவும் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து கற்றுக்கொண்டார் மனைவி. தையலில் பழகிய விரல்கள் இடுக்கிலிருக்கும் திருகுகளை அவரைவிடச் சுலபமாகப் பிடித்தன. மின்சாரக் கணக்கு மட்டும் மண்டையை உடைத்தது. முதன்முறை தானே ஒரு மோட்டாரை மாற்றியது ஒரு சிகையலங்காரக் கடைக்காரியின் வீட்டில். காதுக்காரர் மாடிப்படியில் உட்கார்ந்து, தலையிடாமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். வாய்வரை வந்த யோசனைகளை விழுங்கினார். காற்று கிளம்பியதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு எழப்போனார்.

மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை. மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து, குனிந்து, கொஞ்ச நேரம் அப்படியே கேட்டார்.

"சரியா இருக்குங்க" என்று கடைக்காரியிடம் சொல்லிவிட்டுக் கைகழுவத் தண்ணீர் கேட்டார்.