நூற்றியொரு கால்கள்

நான் ஒரு பிள்ளையின் விரலை உடைத்திருக்கிறேன். வலது கைச் சுண்டுவிரல். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. எட்டாம் தரத்தில் படித்தாள். நான் அவளுடைய கணித ஆசிரியை.

இதை எழுதத் தொடங்கி மூன்று தடவை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலேயே ஏதாவது ஒரு சாக்கு வந்து நின்றது. அன்று தலையிடி, அன்று வீட்டில் சண்டை என்று. அப்படி எதுவும் இருக்கவில்லை. காலையில் பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டேன். கல்லடியிலிருந்து ஸ்கூட்டியில் வெளிக்கிட்டு, டவுனைத் தாண்டி, வலையிறவுப் பாலத்தால் வாவியைக் கடந்து நேரத்துக்கே பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தேன். நல்ல மனநிலையில்தான் இருந்தேன்.

பாடசாலை வவுணதீவுப் பக்கம். அரைச்சுவர் வைத்த வகுப்பறைகள். சுவருக்கு அங்கால் வேலி, வேலிக்கு அங்கால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல் வட்டை. எட்டாம் தரத்தில் இருபத்தேழு பிள்ளைகள். அந்த வருடம் வலய மட்டத்தில் ஒரு கணிதப் போட்டி நடக்கவிருந்தது. எங்கள் பிள்ளைகள் யாரும் அதில் ஒருமுறைகூடத் தேறியதில்லை. இம்முறையாவது இரண்டு பேரைத் தேற வைக்க வேண்டும் என்று பாடசாலை அதிபர் என்னிடம் சொல்லியிருந்தார். போட்டி முழுக்க வசனக் கணக்குகள்தான். தொட்டியை நிரப்பும் குழாய்கள், எதிரெதிரே வரும் பஸ்கள், மகனின் வயதைப்போல் மூன்று மடங்கு வயதுள்ள தகப்பன். வெறும் எண்களாகக் கொடுத்தால் மளமளவென்று செய்கிற பிள்ளைகள், அதே எண்களை ஒரு கதைக்குள் வைத்துக் கொடுத்தால் பேனையைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை என்னால் பொறுக்க முடியாது.

பிரம்பு பாவிக்கக்கூடாது என்று சுற்றறிக்கை இருந்தது. ஆசிரியர் அறையிலேயே ஒட்டியிருந்தார்கள். என் பிரம்பு அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்களே, அடிச்சுப் படிப்பியுங்க டீச்சர் என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் அடித்தேன். பிழைவிட்ட பிள்ளைக்கு இரண்டு, விடையே எழுதாத பிள்ளைக்கு நாலு. பெண்பிள்ளைகளுக்கு உள்ளங்கையில், ஆண்பிள்ளைகளுக்குப் பின்பக்கத்தில். அதை ஒரு ஒழுங்கு என்றே நினைத்திருந்தேன்.

அன்று இடைவேளை முடிந்து வந்து கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினேன். ஒரு பட்டியில் மாடுகளும் கோழிகளும் நிற்கின்றன. தலைகளை எண்ணினால் நாற்பது. கால்களை எண்ணினால் நூற்றியொன்று. மாடுகள் எத்தனை, கோழிகள் எத்தனை?

பத்து நிமிடம் கொடுத்தேன். ஒருவருக்கும் வரவில்லை. சிலர் அரை மாடு என்று எழுதியிருந்தார்கள், சிலர் கொப்பியை மூடி வைத்துவிட்டார்கள். முன்வரிசையிலிருந்து அடிக்கத் தொடங்கினேன். இரண்டாவது வரிசை முடியும்போது என் கை சூடேறியிருந்தது. அடிக்க அடிக்கக் கோபம் தணியும் என்பார்கள். எனக்கு அது ஏறும். ஒவ்வொரு உள்ளங்கையும் அடுத்த அடியை இன்னும் பலமாகக் கேட்பதுபோல் இருக்கும்.

மூன்றாவது வரிசையில் அவள் இருந்தாள். ஒல்லியான, அதிகம் கதைக்காத பிள்ளை. தகப்பன் கொழும்பில் கட்டட வேலை. தாய் கொஞ்சம் மாடு வைத்திருந்தாள், கூலிக்கு வயல் வேலைக்கும் போவாள். பிள்ளையின் கொப்பியில் சுத்தமான எழுத்தில் விடை இருந்தது. மாடு பத்து. கோழி இருபத்தொன்பது. மூன்று கால் மாடு ஒன்று.

அதை நான் சத்தமாக வாசித்தேன். வகுப்பு சிரித்தது. என்னைப் பகிடி பண்ணுகிறாயா என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். அப்பிடி எண்டாத்தான் சரியா வருது," என்றாள்.

கையை நீட்டச் சொன்னேன். நீட்டினாள். இரண்டு அடித்தேன். மாடென்றால் எத்தனை கால் என்று கேட்டேன். நாலு என்றாள். பிறகு ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

"எங்கட மாடு ஒண்டுக்கு மூண்டு கால்தான்."

வகுப்பு மறுபடி சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் என்னை முழுதாகக் கவிழ்த்தது என்று இப்போது எழுதலாம். ஆனால் சிரித்தவர்கள் பிள்ளைகள், அடித்தது நான். உள்ளங்கையில் அடித்துக்கொண்டே போனேன். அவள் கையை உள்ளே இழுத்தாள். மணிக்கட்டைப் பிடித்து மேசையில் அழுத்தி அடித்தேன். பிரம்பு மேசை விளிம்பிலும் விரலிலும் ஒன்றாக விழுந்தது. சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது எனக்குக் கேட்டது. கேட்ட பிறகும் அதே இடத்தில் இன்னொன்று அடித்தேன். அவள் குனிந்து வயிற்றுக்குள் கையை ஒளித்தாள். முதுகில் அடித்தேன். பிறகுதான் கை நின்றது. வகுப்பில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவள் அழவும் இல்லை. வாயைத் திறந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்ததும் ஆசிரியர் அறைக்குப் போய், கணக்கை எடுத்த புத்தகத்தைத் திறந்தேன். கால்கள் நூற்றிப்பத்து என்று இருந்தது. நூற்றியொன்று அல்ல, நூற்றிப்பத்து. மாடு பதினைந்து, கோழி இருபத்தைந்து. நான்தான் இலக்கத்தை மாற்றி எழுதியிருந்தேன். ஒற்றை எண்ணில் கால்கள் வரவே முடியாது. அதை முதல் பார்வையிலேயே நான் கண்டிருக்க வேண்டும். பதினொரு வருடம் கணக்குப் படிப்பித்தவள் நான். இருபத்தேழு பேரில் அதைக் கண்டுபிடித்தது அந்தப் பிள்ளை ஒருத்திதான். கண்டுபிடித்ததோடு, தன் வீட்டில் உள்ள ஒன்றைக்கொண்டு எனக்காகக் கணக்கை நேர்ப்படுத்தியும் தந்திருந்தாள்.

நான் செய்தது இதுதான். வகுப்புக்குத் திரும்பிப்போய்க் கரும்பலகையை அழித்தேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிழை என்னுடையது என்று நான் சொல்லவில்லை. மறுநாள் அதே கணக்கை நூற்றிப்பத்து என்று எழுதினேன். பாதிப்பேர் சரியாகச் செய்தார்கள். அவளுடைய இடம் வெறுமையாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை இரண்டாம் பாடத்தில் தாய் வந்தாள். சைக்கிளை வாசலிலேயே சாய்த்துவிட்டு, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நேராக வகுப்பறைக்குள் வந்தாள். என்னைவிடக் குள்ளமான, இறுகிய உடம்புக்காரி. பிள்ளையின் கையில் பிளாஸ்டர் போட்டிருந்தது.

"எந்தப் பிரம்பால அடிச்ச நீங்க?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை.

பிரம்பு மேசையில்தான் கிடந்தது. என் கண் அதற்குப் போனது. அவள் அதை எடுத்தாள். அதிபரிடம் காட்டப்போகிறாள் என்று நினைத்தேன். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது முன்கையில். மூன்றாவது கன்னத்தில் காதோடு சேர்த்து விழுந்தபோது கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது.

"கணக்குத் தெரியாட்டி என்ட புள்ளைய உடைப்பியா? உடைப்பியாடி நீ?"

நான் பொறுமையாக நின்று வாங்கினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் அவளுடைய கொண்டையைப் பிடித்தேன். பிடித்து இழுத்து மேசையோடு மோதினேன். அவள் என் கையைக் கடித்தாள். நாங்கள் இருவரும் பிள்ளைகள் இருக்கும் வாங்குகளுக்கு நடுவில் விழுந்தோம். என் சேலை அவிழ்ந்தது. அவளுடைய உதடு கிழிந்து என் சட்டையெல்லாம் இரத்தமானது. இருபத்தேழு பிள்ளைகளுக்கு முன்னால், அவர்கள் கொப்பிகளை மிதித்துக்கொண்டு, இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் கொல்வதுபோல் அடித்துக்கொண்டோம். பிள்ளை பிளாஸ்டர் போட்ட கையாலேயே தாயின் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அதிபரும் பக்கத்து வகுப்பு ஆசிரியரும் ஓடிவந்து பிரித்தார்கள்.

அதிபர் பொலிசுக்கு அறிவித்தார். கடமையில் இருந்த அரச ஊழியரைத் தாக்கியது பாரிய குற்றம், விடக்கூடாது என்றார். என் கன்னத்தில் தழும்பு ஏறியிருந்தது. கையில் பல்தடம் இருந்தது. எனக்கு ஆதரவாகக் கதைக்க எல்லாரும் இருந்தார்கள். பொலிஸ் நிலையத்தில் எனக்குக் கதிரை தந்தார்கள். தாயும் மகளும் சுவரோரம் வாங்கில் இருந்தார்கள்.

வாக்குமூலம் எழுதிய உத்தியோகத்தர் சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைத்தார். பிள்ளையை அடித்தீர்களா என்று கேட்டார். மெதுவாக இரண்டு தட்டினேன், பிள்ளை கையை இழுத்ததால் விரல் மேசையில் பட்டுவிட்டது என்றேன். அதிபர் தலையாட்டினார். உத்தியோகத்தர் எழுதினார். பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, எத்தனை அடி என்று கேட்டார்.

"பதினாலு," என்றாள். "கையில ஒன்பது. விரலில ரெண்டு. முதுகில மூண்டு."

பெருக்கல் வாய்ப்பாடு ஒப்புவிப்பதுபோலத்தான் சொன்னாள். அவர் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தார். என்னிடம் திரும்பி, சரியா என்று கேட்டார். நான் எண்ணவில்லை. அவள் எண்ணியிருந்தாள். விரல் முறிந்த பிறகும் எண்ணிக்கையை விடாமல் கொண்டுபோயிருந்தாள்.

"கணக்கே பிழை," என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் கேட்டது அதை அல்ல. "நான் எழுதின கணக்குப் பிழை. நூற்றிப்பத்தை நூற்றியொண்டு எண்டு எழுதிப்போட்டன். அண்டைக்கே எனக்குத் தெரியும்."

அதிபர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். உத்தியோகத்தருக்கு விளங்கவில்லை. தாய்தான் கிழிந்த உதட்டோடு கேட்டாள்.

"அப்ப என்ட புள்ள எழுதினது சரியா?"

"ஓம். சரி."

அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. அந்த மாட்டைப் பற்றி உத்தியோகத்தரிடம் சொன்னாள். போன வருடம் காட்டுப்பன்றிக்கு யாரோ வைத்த கட்டுத்துவக்கு வெடித்து மாட்டின் முன்னங்கால் சிதறிப்போனதாம். வெட்டி விற்கச் சொல்லி எல்லாரும் கேட்டார்களாம். மகள்தான் விடாமல் மருந்து கட்டி, புல் அறுத்துப் போட்டு வளர்த்தாளாம்.

"பொய் சொல்லத் தெரியாத புள்ள ஐயா. இந்த டீச்சர் ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும்," என்றாள்.

பதினாலு அடியும் என் வாக்குமூலத்தில் ஏறின. உத்தியோகத்தர் சமாதானம் பேசியதில், இரண்டு பக்கமும் முறைப்பாட்டைத் திரும்ப எடுத்துக் கையெழுத்து வைத்தோம். வெளியே வந்ததும் அதிபர், பாடசாலையின் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரணை நடந்தது. அடுத்த தவணையோடு இடமாற்றம் வரும் என்றார்கள்.

அதுவரை அவள் என் வகுப்பில்தான் இருந்தாள். எட்டாம் தரத்துக்கு வேறு பிரிவு கிடையாது. பிளாஸ்டர் கழற்றியபோது விரல் வெளிப்பக்கம் கொஞ்சம் வளைந்திருந்தது. வகுப்பு முழுவதுக்கும் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் எழுந்து நின்றாள், கேட்டாள், திரும்ப வாங்கில் இருந்தாள். அதன் பிறகு எண்களாகக் கொடுத்தால் செய்தாள். வசனக் கணக்கு வந்தால் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டாள். போட்டிக்குப் பெயர் கொடுக்கிறாயா என்று ஒருநாள் கேட்டேன்.

"கதை வைக்கிற கணக்கு எனக்கு வேணா டீச்சர்," என்றாள். வெறுப்போடு சொல்லவில்லை. ஒரு சாப்பாடு தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

நான் இப்போது வேறொரு பாடசாலையில் இருக்கிறேன். பாடசாலையில் எந்தப் பிள்ளையையும் அதற்குப் பிறகு தொட்டதில்லை. வீட்டில் அப்படி இருக்க முடியவில்லை. என் மகள் ஏழாம் தரம். போன வருடம் ஒரு பின்னேரம், இரண்டு குழாய்கள் ஒரு தொட்டியை நிரப்பும் கணக்கில் ஒரே இடத்தில் நாலாம் தடவையும் பிழைவிட்டாள். என்னைக் கேளாமலே கை எழுந்தது. காதோடு சேர்த்து அறைந்தேன். அவள் கதிரையோடு சரிந்தாள்.

என் கணவரும் வீட்டில் இருந்தார். பிள்ளையைத் தூக்கி, காதைப் பார்த்து, முகம் கழுவி விட்டார். என்னோடு சண்டை பிடிக்கவில்லை. அடுத்த கிழமை அவளைப் பக்கத்து வீதியில் உள்ள ஒரு ரியூசன் வகுப்பில் சேர்த்துவிட்டார். அங்கே படிப்பிக்கிற டீச்சருக்கு இருபத்துமூன்று வயதுதான் இருக்கும், பல்கலைக்கழகம்கூட இன்னும் முடிக்கவில்லை. செவ்வாயும் வியாழனும் மகள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு போவாள். திரும்பி வந்ததும் அதைத் தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்துவாள்.