இலையில் சுருட்டிய கவளம்

நடேசனைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தூத்துக்குடிக்காரர், 1973இல் ஜெர்மனியில் மியூனிக் பக்கத்துக் கார்ஹிங் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்த இயற்பியல்காரர். அடுத்தவர் பொருளைத் தொடமாட்டார், யாரையும் அதிர்ந்து பேசமாட்டார். பயம் மட்டும் கொஞ்சம் கூடுதல். அந்தப் பயம்தான் அவரைச் சந்தி சிரிக்காத குறையாக அசிங்கப்படுத்தியது.

அவரும் மனைவி பாமாவும் இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு கொரியத் தம்பதி குடியிருந்தார்கள். சூன்ஜா ஆஸ்பத்திரி நர்ஸ். கணவர் பார்க், நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்தம் முடிந்து தொழிற்சாலைக்கு மாறியவர். ஞாயிறு வந்தால் அங்கேதான் சாப்பாடு. மேசை நடுவே அடுப்பு, அதன்மேல் குடைபோல் குவிந்த தட்டு, பூண்டிலும் சோயாவிலும் ஊறிய இறைச்சி அதில் சொய்யென்று வேகும். நடேசன் மாட்டிறைச்சி தொடமாட்டார் என்று அவருக்காகப் பன்றி இறைச்சியைத் தனியாக ஊறவைப்பாள் சூன்ஜா. பிரியமானவர்களுக்கு லெட்டூஸ் இலையில் இறைச்சியைச் சுருட்டி வாயில் ஊட்டிவிடுவது அவர்கள் வழக்கம். ஒரே வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும். மனிதர் கூச்சமே இல்லாமல் வெளுத்துக்கட்டுவார்.

அடுத்த வருடம் பாமாவுக்கு மசக்கை. சோற்றைக் கண்டாலே குமட்டியது; கருவாடு என்றால் மட்டும் நாக்கு ஊறியது. ஊரிலிருந்து வந்த நெத்திலிக் கருவாட்டை ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு வறுத்தாள். சாத்தினால் ஆயிற்றா? வாசனை படி இறங்கி வீட்டுக்காரம்மாவின் கதவுவரை போய்விட்டது.

மறுநாள் காலை அந்த அம்மாள் நடேசனைப் படிக்கட்டிலேயே நிறுத்தினாள்.

"நேற்று நாற்றம் தாங்கவில்லை. யார் வீடு என்று தெரிந்தாக வேண்டும். அவர்கள் காலி செய்யட்டும்."

பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு எங்கே போய் வீடு தேடுவது? யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"கீழ் வீடு. கொரியாக்காரர்கள்."

மாடிக்கு வந்து அவர் சொல்லக் கேட்டதும் பாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. "நேத்து அவங்க அடுப்பே பத்த வைக்கலையேங்க. போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்க."

"சொல்றேன். டைம் பாத்துச் சொல்றேன்."

நேரம் பார்த்தவருக்கு நேரமே வரவில்லை. மாதக் கடைசியில் கீழ் வீட்டில் பெட்டி கட்டும் சத்தம் கேட்டது. நடேசன் பூனைபோல் வந்து போனார். போகிறவர்களோ இவர்களை விட்டால்தானே! மியூனிக்கில் ஒரு கொரிய ஹோட்டலுக்கு விருந்துக்கு இழுத்துப் போனார்கள்.

"அங்கயாவது சொல்லிடுங்க," என்றாள் பாமா.

ஹோட்டலில் எல்லா மேசையிலும் புகை. யார் வீட்டு நாற்றம் என்று கேட்க ஆளில்லை. நடேசன் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "அந்த வாசனை விஷயம்..."

"உங்கள் வீட்டு மீன்தானே? தெரியும்," என்று சூன்ஜா சிரித்தாள். "வீட்டுக்காரி எங்களிடமும் கேட்டாள். நாங்கள்தான் என்று சொல்லிவிட்டோம். எங்களுக்கு எப்படியும் ஓர் அறை கிடைக்கும். குழந்தை பிறக்கிற நேரத்தில் நீங்கள் எங்கே போவீர்கள்?"

நடேசனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பாமா தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. "இல்லை, நான்தான்..." என்று வாயைத் திறந்தார். திறந்த வாயில் சூன்ஜா இலையில் சுருட்டிய கவளத்தைத் தன் கையாலேயே வைத்துவிட்டாள். பன்றி இறைச்சிதான், மறக்காமல் கேட்டு வாங்கியிருந்தாள்.

மெதுவாக, முடிந்தவரை மெதுவாக மென்றார். கவளம் இறங்கியது. வாய் காலி. இனி எந்தச் சாக்கும் இல்லை. சூன்ஜா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கிறது?"

"நன்றாக இருக்கிறது," என்றார் நடேசன்.